மூன்றாவது நிபந்தனை

வந்திருந்தவர்கள்:

ஈசாக். பாறசாலைச் சந்தையில் குடைக்கடை வைத்திருந்தார். எங்கள் எல்லைக் குழுவின் செயலாளர். கூட்டம் நடந்தது அவர் கடையின் பின்னறையில், ஆகையால் அவர் எப்படியும் வந்திருப்பார்.

தாணுமாலயன். நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் ஒரு வக்கீலின் குமாஸ்தா. குழுவின் நடவடிக்கைகளை எழுதுகிறவர். எழுதாமல் எதையும் பேச மாட்டார். பேசியதையெல்லாம் எழுதவும் மாட்டார்.

விலாசினி. செங்கலில் ஆரம்பப் பள்ளி டீச்சர். பகலில் வீடுகளில் ஆண்கள் இருக்க மாட்டார்கள், கேட்கப் போக ஒரு பெண்ணும் வேண்டும் என்று நான் சொன்னதால் அழைக்கப்பட்டவள்.

தங்கப்பன். எதிரில் டீக்கடை. ஐந்து பேர் ஓரிடத்தில் கூடக் கூடாது என்று அந்த வாரம் உத்தரவு இருந்தது. தங்கப்பன் அடிக்கடி டீ எடுக்கப் போய்வந்ததால் நாங்கள் பெரும்பாலும் நாலு பேராகவே இருந்தோம்.

கனகதாஸ். நான். கொழும்பிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

இது 1954 பிப்ரவரி கடைசியில். மாநிலங்களை மொழிவாரியாகப் பிரிப்பது பற்றிக் கமிஷன் போட்டாயிற்று. எப்படியும் மூன்று மாதத்தில் நம் பக்கம் வரும் என்று பேச்சு. நெய்யாற்றின்கரைத் தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு எங்கள் குழு ஒரு மனு தயாரித்திருந்தது. பன்னிரண்டு பக்கம். 'பெரும்பாலான' என்ற சொல் அதில் பதினோரு இடத்தில் வந்தது. எண் என்று ஒன்றுகூட இல்லை. தாலுகா மலையாளத்தோடுதான் இருக்க வேண்டும் என்று சொல்லும் மறுபக்கத்துக் கமிட்டியும் ஒரு மனு வைத்திருந்தது.

"எண்ணு இல்லாத மனு தேங்கா இல்லாத துவையலாக்கும்," என்றார் ஈசாக். "அவனுவளுக்க மனுவிலயும் எண்ணு இல்ல. முதல்ல எண்ணினவன் ஜெயிச்சான். கனகதாசு, நீ கொண்டுவந்ததக் காட்டு."

நான் கொண்டுவந்தது ஒரு சீட்டு. போஸ்ட்கார்டு அளவில் கல்யாணப் பத்திரிகை அட்டை. நாலு ஓரத்திலும் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு அர்த்தம் உண்டு. முதல் துளை, வீட்டில் தமிழ். இரண்டாவது, வீட்டில் மலையாளம். மூன்றாவது, தமிழ் எழுதத் தெரிந்தவர் உண்டு. நாலாவது, சர்க்காருக்குக் கரம் கட்டுகிற சொந்த நிலம் உண்டு. இப்படிப் பதினெட்டு. ஒரு வீட்டுக்கு ஒரு சீட்டு. 'ஆம்' என்றால் அந்தத் துளையை ஓரம்வரை வெட்டித் திறந்துவிட வேண்டும். பிறகு சீட்டுகளை அடுக்கி, ஒரு துளைக்குள் கம்பியை விட்டுத் தூக்கினால், வெட்டாதவை கம்பியில் தொங்கும், வெட்டியவை கீழே விழும். தமிழ் வீடு எத்தனை? விழுந்ததை எண்ணு. அதில் நிலம் உள்ள வீடு எத்தனை? விழுந்ததை மறுபடி அடுக்கு, நாலாவது துளையில் கம்பியை விடு.

கொழும்பில் ஒரு சரக்குக் கம்பெனியில் ஆறு வருஷம் இதைத்தான் செய்தேன். பகலில் துறைமுகத்தில் இறங்கியதையெல்லாம் ராத்திரியில் சீட்டில் வெட்டிப் பிரிக்கும் வேலை. ஒரு ராத்திரி பாதி அடுக்கில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பிறகு உள்ளே போகவில்லை. ஊருக்கு வந்தேன். கம்பெனி இன்னும் என் பெயரை வெட்டவில்லை. திரும்பிப் போவதற்கான பர்மிட்டு மார்ச் இருபதாம் தேதிவரை செல்லும். அதற்குள் அக்கரையில் இறங்காவிட்டால் கொழும்பு முடிந்தது. எனக்கு வேறு வேலை தெரியாது. தாலுகா முழுக்க இந்தச் சீட்டுக் கணக்கு நடந்தால் அதற்கு நான் மேற்பார்வை, பிறகும் குழுவில் நிரந்தர வேலை என்று ஈசாக் வாக்குச் சொல்லியிருந்தார். நடக்காவிட்டால் மறுபடி அந்த மேஜை, அந்த விளக்கு. எனக்கு இருந்தது இந்த இரண்டுதான்.

கடையிலிருந்து ஒரு குடைக்கம்பியை உருவி எடுத்துச் செய்து காட்டினேன். எட்டுச் சீட்டில் மூன்று விழுந்தது.

தங்கப்பன் குனிந்து பார்த்தான். "இது நான் வடை கோரி எடுக்குக கம்பி மாதிரில்லா இருக்கு."

"வடையில தமிழ் வடை, மலையாள வடைன்னு பிரிக்க முடியுமாவே?" என்றார் ஈசாக்.

"ரெண்டும் ஒரே எண்ணெயிலதான் கிடக்கு."

தாணுமாலயன் பேனாவைத் திறந்தார். "தாலுகாவில எழுபதாயிரம் வீடு இருக்கும்."

"நாப்பது பேரு எனக்க கையில உண்டு," என்றார் ஈசாக். "கள்ளிக்காட்டிலேர்ந்து காஞ்சிரங்குளம் வரைக்கும் நாளைக்கே இறக்கிவிடலாம்."

"முதல்ல அறுபது வீடு அண்ணே," என்றேன்.

"எலே, கிணறு வெட்டுகதுக்கு முன்ன குழி வெட்டிப் பாக்கணும்ன்னு சொல்லுகியா?"

"ஆமா. தண்ணி இல்லேன்னா குழியோட போவும்."

ஈசாக்குக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் எழுபதாயிரம் அட்டை அடிக்க அச்சாபீஸ்காரன் முன்பணம் கேட்டிருந்தான். அதை நினைத்து அவர் ஒப்புக்கொண்டார்.

சோதனை தொடங்குமுன் எதைப் பார்த்து ஜெயித்தது, தோற்றது என்று சொல்லப்போகிறோம் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்றேன். பிறகு எழுதினால் ஜெயித்த மாதிரிதான் எழுதுவோம். தாணுமாலயன் ஒரு முழுத்தாளை எடுத்தார். நான் சொன்னேன், அவர் எழுதினார்.

ஒன்று: ஒரு வீட்டைக் கேட்டுச் சீட்டு வெட்டப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகக் கூடாது.

இரண்டு: இதற்குமுன் இந்த வேலையைச் செய்யாத ஒருவர் அறுபது சீட்டையும் ஐந்து நிமிஷத்தில் பிரித்து எண்ண வேண்டும்.

மூன்று: அதே அறுபது வீட்டை வேறொருவர் தனியாகப் போய்க் கேட்டு வேறு சீட்டு வெட்ட வேண்டும். முதல் துளையிலும் இரண்டாவது துளையிலும் ஐந்து வீட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் திட்டம் கைவிடப்படும்.

"இது எதுக்கு?" என்றார் ஈசாக். "ஒரு வீட்ட ரெண்டு தடவ கேட்டா பதில் மாறுமா? வீடு அங்கதானே இருக்கு?"

"கொழும்பில ஒரே பில்ல ரெண்டு பேரு தனித்தனியா வெட்டுவோம். ஒத்து வந்தாத்தான் உள்ள போவும்."

"அது வெள்ளக்காரனுக்கு உள்ளது. அங்க ஒருத்தன ஒருத்தன் நம்ப மாட்டான். இங்க யாரு பொய் சொல்லுவா?"

"யாரும் சொல்லாட்டி மூணாவது நிபந்தன தானா ஜெயிக்கும்."

எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். தங்கப்பன் டீக்கறையோடு போட்டான்.

துளை போடுவதிலேயே நாலு நாள் போயிற்று. கையால் குத்தினால் ஒரு சீட்டின் துளை இன்னொன்றோடு ஒத்துவராமல் கம்பி நடுவில் நின்றது. கடைசியில் ஒரு தச்சரிடம் கொண்டுபோனேன். அவர் சீட்டுகளை இரண்டு பலகைக்கு நடுவே இறுக்கி மொத்தமாகத் துளைத்துக் கொடுத்தார். எல்லாச் சீட்டும் ஒரே பக்கம் பார்த்து இருக்க வலது மூலையைச் சாய்த்து வெட்டினேன். துளையைத் திறக்க பஸ் கண்டக்டரின் டிக்கெட் வெட்டுகிற கருவி ஒன்று கிடைத்தது. டீச்சருக்கும் ஒன்று வாங்கினேன்.

சோதனைக்கு எடுத்தது பாறசாலைக்கும் செங்கலுக்கும் நடுவில் வயலோரமாகப் போகிற ஒரு வழி. அறுபது வீடு. பாதி நாயர், நாடார், வெள்ளாளர் வீடுகள், கால்வாசி கிறிஸ்தவச் சபை வீடுகள், மிச்சம் கலந்து. சர்க்கார் உத்தியோகம் பார்ப்பவர், கொத்து வேலை செய்பவர், கயிறு விற்பவர், டிரைவர், தையல்காரர், எல்லாம் உண்டு. தங்கப்பன் வீடும் அங்கேதான்.

முதலில் நான் போனேன். இரண்டு நாள். ஒரு வீட்டுக்கு ஏழு நிமிஷம். அதில் மூன்று நிமிஷம், கொழும்பிலிருந்து ஏன் வந்தாய் என்ற கேள்விக்கு. அந்தக் கேள்விக்குச் சீட்டில் துளை கிடையாது. கொடியோடு வராமல் சீட்டோடு வந்தவன் என்பதால் யாரும் கதவைச் சாத்தவில்லை. இரண்டு வீட்டில் ரேஷனுக்கு என்று நினைத்து ஆள் கணக்கைக் கூட்டிச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் தங்கப்பனைப் பிரிக்கச் சொன்னோம். நாலு நிமிஷம். அறுபதில் தமிழ் ஐம்பத்திரண்டு, மலையாளம் எட்டு.

ஈசாக் எழுந்து நின்றுவிட்டார். "அம்பத்திரண்டு! நூத்துக்கு எண்பத்தாறு! தாணு, எழுது ஓய். 'பெரும்பாலான' எல்லாத்தையும் வெட்டிட்டு நூத்துக்கு எண்பத்தாறுன்னு போடு."

"அறுபது வீட்ட வச்சா?" என்றார் தாணுமாலயன்.

"எழுபதாயிரமும் இப்படித்தானே இருக்கும்?"

"இன்னும் டீச்சர் போகல்ல அண்ணே," என்றேன்.

டீச்சர் அடுத்த சனியும் ஞாயிறும் போனாள். ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று அந்த நேரம் பார்த்துப் போனாள். கெட்டிக்காரி. சீட்டுகளை ரப்பர் பாண்டு போட்டுக் கொண்டுவந்தாள். ஒரு சீட்டில்கூடத் தப்பான வெட்டு இல்லை.

கம்பியை விட்டேன். தூக்கினேன். குலுக்கினேன். மேஜையில் விழுந்தது கொஞ்சம்தான். எண்ணினேன். தமிழ் பதினேழு. இரண்டாவது துளையில் விட்டேன். மலையாளம் நாற்பத்து மூன்று.

தங்கப்பன் டீ எடுக்கப் போகவில்லை. அப்போது நாங்கள் ஐந்து பேர், சட்டப்படி குற்றவாளிகள்.

"கம்பி வளைஞ்சு போச்சு," என்றார் ஈசாக்.

வேறு கம்பி போட்டோம். பதினேழு. இன்னொரு குடையை உடைத்து இன்னொரு கம்பி. பதினேழு. கம்பி இல்லாமல் கண்ணால் பார்த்து எண்ணினோம். பதினேழு.

"டீச்சர், நீங்க எங்க வெட்டினீங்க?"

"துளையில."

"எந்தத் துளையில?"

"அவங்க சொன்ன துளையில."

என் சீட்டையும் அவள் சீட்டையும் வீடு வீடாக ஜோடி சேர்த்தேன். முப்பத்தேழு வீடு ஒத்துவரவில்லை. முப்பத்தாறு வீடு என்னிடம் தமிழ் என்றது, அவளிடம் மலையாளம் என்றது. ஒரு வீடு மட்டும் தலைகீழ். அது தங்கப்பன் வீடு.

"எலே தங்கப்பா!"

"அன்னைக்குக் கனகதாஸ் அண்ணன் கடையில வச்சுக் கேக்கும்போ திண்ணையில ரெண்டு போலீஸ்காரனுவ டீ குடிச்சிட்டு இருந்தானுவ," என்றான் தங்கப்பன். "மலையாளம்ன்னு சொன்னேன். டீச்சர் வீட்டுக்கு வந்தப்ப எனக்க பொண்டாட்டி பேசினா. அவளுக்கு டீச்சரு சொந்தம். சொந்தக்காரங்ககிட்ட தமிழ்தான் பேசுவா."

சோதனை ஐந்து வீட்டைத்தான் தாங்கும் என்று எழுதியிருந்தோம். முப்பத்தேழு வந்திருந்தது. அப்போதே தாளை எடுத்து 'கைவிடப்படும்' என்ற சொல்லைக் காட்டியிருக்கலாம். நான் காட்டவில்லை. ஏன் மாறியது என்று தெரியாமல் கைவிட முடியாது என்றேன். அது பாதி உண்மை.

மறுநாள் டீச்சர் பள்ளிக்கு லீவு போட்டாள். இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். முதலில் ராஜபாய் வீடு. விதவை, நாற்பது வயசு இருக்கும், இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். எருக்கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தாள்.

"அக்கா, வீட்டில என்ன பேச்சு?" என்றேன்.

"அன்னைக்கே சொன்னேனே. தமிழாக்கும். இரிங்க, மோரு எடுக்கேன்."

நான் டீச்சரைப் பார்த்தேன். அவள் கேட்டாள்: "சேச்சி, வீட்டில் ஏது பாஷயா பறயுன்னது?"

"மலயாளம் தன்னே டீச்சரே. கேறி இரிக்கணம்."

உள்ளே வந்து உட்காரச் சொல்லிவிட்டு இரண்டு பேருக்கும் மோர் கொண்டுவந்தாள். அவள் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

"அக்கா," என்றேன், "இப்பத்தானே தமிழ்ன்னு சொன்னீங்க?"

"ஓம்."

"டீச்சர்கிட்ட மலையாளம்ன்னு சொன்னீங்க."

"அவங்க மலையாளத்தில கேட்டாங்க. நீரு தமிழில கேட்டீரு. வீட்டுக்கு வந்தவங்ககிட்ட அவங்க பேச்சில பேசாம பின்ன? மரியாதை வேண்டாமா?"

"நாங்க ரெண்டு பேரும் போன பிறகு வீட்டில எதில பேசுவீங்க?"

"நீங்க போன பிறகு நான் ஒத்தையில்லா. யாருகிட்ட பேச?"

"மாட்டுகிட்ட?"

"மாட்டுகிட்டப் பேசினா பால் கறக்குமா? தவிடு வைக்கணும்." என் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். "எது எழுதினா உமக்கு நல்லதோ அத எழுதும் மக்கா. எனக்கு ரெண்டும் உண்டு."

இப்படிப் பதினொரு வீடு கேட்டோம். ஒன்பது வீட்டில் இதே கதை. ஒருவரும் பொய் சொல்லவில்லை. கேள்வியை எந்தப் பேச்சில் கேட்க வேண்டும் என்று நாங்கள் எழுதிவைக்கவில்லை. பதினெட்டுத் துளைக்கும் அர்த்தம் எழுதினோம், கம்பியின் கனம்வரை எழுதினோம், இதை எழுதவில்லை. நான் தமிழில் கேட்டேன் என்பதே எனக்குத் தெரியாது. டீச்சரும் மலையாளத்தில் கேட்கிறோம் என்று நினைத்துக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பேச்சு வாயில் வந்தது, கேட்டாள். இந்த ஊரில் எதில் பேசுகிறோம் என்று யாரும் பார்ப்பதில்லை. எதிரில் நிற்பவர் எதில் தொடங்குகிறாரோ அதில் போய்விடும். வெளியூர்க்காரன் எவனாவது இந்தத் திட்டத்தைப் போட்டிருந்தால் முதல் நாளே இதை எழுதிவைத்திருப்பான்.

வயல் வரப்பில் திரும்பி வரும்போது டீச்சர் நின்றாள். "அண்ணா, ரெண்டு துளையும் வெட்டினா என்ன?"

"என்னது?"

"ஒரே சீட்டில தமிழும் வெட்டுங்க, மலையாளமும் வெட்டுங்க. 'ரெண்டும் உண்டா'ன்னு கேப்போம். எதில கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்."

பன்னிரண்டாவது வீட்டில் நான் தமிழில் கேட்டேன், அவள் மலையாளத்தில் கேட்டாள். ரெண்டும் உண்டு. பதின்மூன்றில், பதினான்கில், பதினைந்திலும் அப்படியே. பதினைந்தாவது வீட்டுக்காரர், பஸ் டிரைவர், எரிச்சலோடு சொன்னார்: "பின்ன ரெண்டும் இல்லாம நான் எப்படி வண்டி ஓட்ட? வலியதுறையில ஏறுகவன் ஒண்ணு பேசுவான், குழித்துறையில இறங்குகவன் ஒண்ணு பேசுவான்."

ஆகவே சீட்டில் குறை இல்லை, கம்பியில் குறை இல்லை. கேள்வியில்தான் இருந்தது. அதை மாற்றினால் மூன்றாவது நிபந்தனையும் ஜெயிக்கும். நான் அன்று வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

கடைசிக் கூட்டம் மார்ச் பதினாறு, செவ்வாய்க்கிழமை காலை. வியாழக்கிழமை திருநெல்வேலி பஸ் ஏறினால்தான் சனிக்கிழமைக்குள் தனுஷ்கோடிக் கப்பலைப் பிடிக்கலாம். பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்திருந்தேன். அதில் ஒன்றும் வைக்கவில்லை.

நான் நடந்ததைச் சொன்னேன். கேள்வியை மாற்றினால் திட்டம் நடக்கும் என்றேன். டீச்சர் தன் அறுபது சீட்டை மேஜையில் வைத்தாள்.

ஈசாக் முழுவதும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. அது வழக்கமில்லை.

"அப்ப, தமிழில கேட்டா தமிழ்ன்னு சொல்லுவாங்க," என்றார்.

"ஆமா அண்ணே."

"யாரு போய்க் கேட்டாலும்?"

"அநேகமா."

"எலே, பின்ன திட்டம் நடந்துட்டுதுல்லா! இத எதுக்கு அழுதுகிட்டுச் சொல்லுக? நாப்பது பேரையும் தமிழில கேக்கச் சொன்னா போதும். நூத்துக்கு எண்பத்தாறு. காஞ்சிரங்குளத்தில அதுக்கும் மேல வரும்."

"ஆனா மறுபக்கத்துக்காரங்க என்னைப் போல நாப்பது பேர அனுப்பினா?" என்றாள் டீச்சர்.

"அதுக்குத்தான் டீச்சரே நாம முன்ன போகணும்."

"அவங்களுக்கும் எழுபதுக்கு மேல வரும்."

"வரட்டும். அவங்க கள்ளக் கணக்குன்னு நாம சொல்லுவோம். நம்ம கணக்கில சீட்டு உண்டு, துளை உண்டு, சோதனை உண்டு. அவங்ககிட்ட என்ன உண்டு?"

"ரெண்டு துளையும் வெட்டலாம் சார். அறுபது வீடும் ஒத்துவரும். அதுதான் உள்ளது."

ஈசாக் கோபப்படவில்லை. இதையும் சொல்ல வேண்டும், அவர் அப்போது கெட்டவர் மாதிரி இல்லை. எங்களில் ஊருக்காக லாக்கப்பில் இருந்தவர் அவர் ஒருவர்தான், இரண்டு தடவை.

"டீச்சரே, கமிஷன்ல மூணு பேரு. அவங்க கையில ஒரு மேப்பு. அதில ஒரு கோடு போடப்போறாங்க. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. ரெண்டும் உள்ள ஊர எங்க கொண்டுபோய் வைப்பாங்க? கோட்டு மேலயா?"

டீச்சர் மேஜையில் இருந்த தன் சீட்டுகளை ஓரம் சேர்த்து அடுக்கினாள்.

தாணுமாலயன் தொண்டையைச் செருமினார். "எழுதினத எழுதியாச்சு. தாளில 'கைவிடப்படும்'ன்னு கெடக்கு. கையெழுத்து அஞ்சும் உண்டு. நாளைக்கு எவனாவது எடுத்துக் காட்டினா கேஸ் தோத்துப்போகும்."

"வெட்டு ஓய்."

"நான் வெட்ட முடியாது. திட்டத்துக்காரன்தான் நிபந்தன வச்சான். அவன்தான் தேவையில்லன்னு சொல்லணும். சொன்னா, 'மூன்றாவது நிபந்தனை தேவையற்றது எனக் கண்டு நீக்கப்பட்டது'ன்னு எழுதி அவன்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக்கலாம்."

எழுதியும் விட்டார். எழுதிவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார் என்பது தாளை என் பக்கம் திருப்பியபோது தெரிந்தது. மை காய்ந்திருந்தது.

"மக்கா," என்றார் ஈசாக், "வியாழக்கிழம முதல் ஆளுவளுக்குப் பாடம் எடுக்கணும். நாப்பது பேரையும் நீதான் மேய்க்கணும். அச்சாபீஸுல சொல்லியாச்சு. நீ இல்லேன்னா இது நடக்காது."

"அண்ணா," என்றாள் டீச்சர். மற்றவர்களைப் பார்க்கவில்லை. "இந்த மூணாவது நீங்க சொல்லி எழுதினதுதானே?"

"ஆமா."

"அஞ்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா."

"முப்பத்தேழு வந்துது."

அறையில் குடைத்துணி வாசனை அடித்தது. எனக்குக் கொழும்பு மேஜை கண்ணில் தெரிந்தது. பச்சை விளக்கு, பாதி அடுக்கு, எதிரில் அதே சீட்டுகளை இரண்டாவது தடவை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துக்காரன். ஆறு வருஷத்தில் அவனுக்கும் எனக்கும் வித்தியாசம் வந்தது நாலைந்து தடவைதான். ஒவ்வொரு தடவையும் நாங்கள் பில்லைத் தேடி எடுத்துப் பார்த்தோம். அதற்குத்தான் சம்பளம்.

"அது சோதனைக்கு மட்டும் வச்சது டீச்சர்," என்றேன். "பெரிய வேலைக்கு வேற நிபந்தன."

"அது எங்க?"

"இனிதான் எழுதணும்."

தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். முழுப் பெயர், தேதி. தாணுமாலயன் மை உறிஞ்சும் தாளை வைத்து ஒற்றினார். தங்கப்பன் டீ வேண்டுமா என்று கேட்டான். கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் எடுக்கப் போனான்.

ஈசாக் புதுத் தாள் ஒன்றை என் முன்னால் வைத்தார். "ஆளுவளுக்குள்ள சட்டம் எழுது. ஒண்ணு என்ன?"

"கேள்வியைத் தமிழில் கேட்க வேண்டும்," என்றேன். எழுதினேன். கை நன்றாகவே ஓடியது.

டீச்சர் தன் சீட்டுக்கட்டை எடுக்கக் கையை நீட்டினாள். ஈசாக் அதன்மேல் உள்ளங்கையை வைத்தார், மெதுவாகத்தான். "சீட்டு குழுவுக்கு உள்ளது டீச்சரே."

"நான் வெட்டினது."

"அட்டை நம்முடையதாக்கும்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். டிக்கெட் வெட்டுகிற கருவியைப் பையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தாள். அது நான் வாங்கிக் கொடுத்தது. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பதிலுக்குக் கொழும்பைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பேன்.

"ஸ்கூலுக்கு நேரமாச்சு," என்றாள். "நான் போறேன்."

எங்கள் பக்கம் யாரும் 'போறேன்' என்று சொல்லிப் போக மாட்டார்கள். 'வாறேன்' என்றுதான் சொல்வார்கள். ஈசாக்கும் அதைக் கவனித்தார். ஆனால் மரியாதைக்கு எழுந்து கதவுவரை கூடப் போனார்.

"பாத்துப் போங்க டீச்சர். யாராவது கேட்டா குடை ரிப்பேருக்கு வந்தேன்னு சொல்லுங்க."

"எதில கேட்டா?" என்றாள் அவள்.

ஈசாக் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. டீயோடு ஏறிவந்த தங்கப்பனுக்கு வழிவிட்டு, படியிறங்கிப் போனாள். நான் இரண்டாவது சட்டத்தை யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் சந்தைக்குள் திரும்புகிறவரை ஈசாக் பார்த்து நின்றார். பிறகு கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, உள்ளிருந்தே பூட்டில் சாவியைத் திருகினார்.